எல்லைப்புறத்துத் தோற்பட்டறை: கையூசியும் தையற்பொறியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை என்னும் ஊர்களைக் கடந்தால் பாறசாலை வரும். அதற்கப்பால் சிறிது தொலைவில் களியக்காவிளை. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையிலேதான் இன்று கேரளமும் தமிழ்நாடும் பிரிகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. கோடு கிழிக்கப்பெற்ற பின்னும் அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாகவே காலம் கழித்தன. நம் காலனியில் இன்று குடியிருப்போருள் சிலருக்கு அவ்வூர்களே பிறந்தகம். ஆதலின், அவ்வட்டாரத்தைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று செயற்குழு அன்பர்கள் பணித்தபோது, கோயிலையும் கொட்டாரத்தையும் விட்டுவிட்டு, செருப்புத் தைக்கும் ஒரு சிறு பட்டறையைப் பற்றி எழுதத் துணிந்தேன். அரண்மனை வரலாறு எழுதப் பலர் உளர்.

என் இளமையில், அஃதாவது 1960களில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சாலையோரத்தில் ஓலை வேய்ந்த பட்டறையொன்று இருந்தது. முதியவர் ஒருவர் தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருப்பார். முன்னே ஒரு மரக்கட்டை. அருகே மூன்று கால் இரும்பு. நீர் நிரம்பிய மண்சட்டி ஒன்றில் தோல் ஊறிக்கொண்டிருக்கும். தோல் வெட்டும் உளி, குத்தூசி, கொக்கி ஊசி, தேன்மெழுகு உருண்டை, நூற்கண்டு ஆகியனவே அவருடைய முதல். செருப்பு மட்டுமன்று, மாட்டின் கழுத்துச் சலங்கை வார், கொல்லன் உலைத் துருத்தி, வண்டிக்காரரின் பணப்பை எல்லாம் அவர் கைக்கு வந்தன. அவரை ஊரில் பெரியவர் சிறியவர் அனைவரும் பெயர் சொல்லியே அழைத்தனர். பத்து வயதுச் சிறுவனாகிய நானும் அவ்வாறே அழைத்தேன். அவரோ என்னைத் ‘தம்பி’ என்றார். இதனை இன்று எழுதும்போது நாணம் உண்டாகிறது; ஆயினும் வரலாறு எழுதப் புகுந்தவன் இதனை மறைத்தல் முறையாகாது.

அப்பட்டறைக்கு 1960களின் நடுவில் ஒரு தையற்பொறி வந்து சேர்ந்தது. முதியவரின் மகன் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய பொறியொன்றை விலைக்கு வாங்கிப் பேருந்தின் கூரைமேல் ஏற்றிக் கொணர்ந்தார். அன்றுமுதல் பட்டறையில் ஒரு வழக்கு எழுந்தது. கைத்தையலா, பொறித்தையலா? தந்தையும் மகனும் அதை வாயால் வாதிட்டதைவிடத் தோலால் வாதிட்டதே மிகுதி. அவ்வழக்கின் வேர் எத்துணை ஆழமானது என்பதைப் பின்னாளில் நூல்களைப் புரட்டியபோதே உணர்ந்தேன்.

தமிழர்க்குத் தோல் தையல் புதிதன்று. காலணிக்குத் ‘தொடுதோல்’ என்னும் அழகிய பெயர் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அதை அணிந்து அணிந்து தழும்பேறிய ஆயனின் அடியை அப்புலவர் காட்டுகிறார். ஆனால் தைப்பவனைக் காட்டும் பாட்டு புறநானூற்றின் 82-ஆம் செய்யுளாகும். சாத்தந்தையார் என்னும் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத போரின் விரைவைச் சொல்ல உவமை தேடுகிறார். புயலையோ மின்னலையோ அவர் நாடவில்லை. கட்டிலுக்கு வார் பின்னும் ஒரு தொழிலாளியிடம் செல்கிறார். ஊரிலே திருவிழா, வீட்டிலே மனைவிக்குப் பேறுகாலம், வெளியே மழை, கதிரவனும் மேற்கே சாய்ந்துவிட்டான். இந்நிலையில் கட்டிலை முடித்துக்கொடுத்துவிட்டு ஓட வேண்டிய அவனுடைய கையில், தோல் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு விரைந்து பாயுமோ அவ்வளவு விரைந்தது அப்போர் என்கிறார். மன்னனின் வீரத்திற்கு அளவுகோலாக நின்றது தோல்தொழிலாளியின் கை! எனினும் அதே பாட்டில் அவனை ‘இழிசினன்’ என்னும் சொல்லாலேயே புலவர் சுட்டுகிறார். கையின் திறத்தை வியப்பதும் கைக்குரியவனைத் தாழ்த்துவதும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன.

தென் திருவிதாங்கூரில் இத்தாழ்வு சட்டமாகவே நின்றது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடை பிடிக்கவும், காலணி அணியவும், பொன் நகை பூணவும் தடுக்கப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். செருப்பைத் தைப்பவர் ஒருவர்; அதை அணியும் உரிமையோ வேறு சிலர்க்கே. தைத்த துணிக்கும் இதே கதிதான். மேலாடைக்காகவும் தைத்த குப்பாயத்திற்காகவும் அந்நாட்டுப் பெண்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. 1829-இல் வந்த அரசாணை மேலாடையை மறுத்தது. குப்பாயத்தை மட்டும் ஒரு சாரார்க்கு விட்டுவைத்தது. கலகங்கள் பல நிகழ்ந்த பின்னர், 1859-இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில்தான் சாணார் பெண்டிர் அனைவரும் மார்பை மறைக்கலாம் என்னும் ஆணை பிறந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்டிரைப் போல் அணியலாகாது என்று ஒரு வரம்பு வைத்தார்கள்.

அக்காலத்தில் அந்நாட்டில் ஊசி மற்றொரு வேலையும் செய்தது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1820களில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல்வேலை கற்பித்தார். அதனால் வந்த கூலியைச் சேர்த்துத் தம் அடிமைத்தளையை விலைகொடுத்து நீக்கிக்கொண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பெற்றது என்பதை நினைத்தால், அவ்வூசிகளின் அருமை விளங்கும். நெய்யாற்றின்கரை வட்டமும் எழுச்சிக்குப் பின்னிடவில்லை. நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் நாராயண குரு 1888-இல் சிவனை நிறுவினார். அவ்வட்டத்தைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் வில்வண்டியேறிப் பொதுச்சாலையில் சென்றார். பாறசாலைப் பட்டறை முதியவரின் பாட்டனார் காலம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனிப் பொறியின் கதைக்கு வருவோம். தையற்பொறி என்றவுடன் நமக்குத் துணியே நினைவுக்கு வருகிறது. ஆனால் தையற்பொறிக்கு முதன்முதல் காப்புரிமை பெற்றவராகிய தாமஸ் செயின்ட் என்னும் லண்டன் மரவேலைக்காரர் 1790-இல் கருதியது தோலையே. அவருடைய வரைபடத்தில் முதலில் ஒரு குத்தூசி இறங்கித் தோலைத் துளைக்கும். பின்னர் நூல் ஏந்திய ஊசி அத்துளையில் இறங்கிச் சங்கிலித் தையலிடும். நம் முதியவரின் குத்தூசியும் கொக்கியும் செய்த வேலையை அப்படியே இரும்பிற்கு மாற்றினார் என்று சொல்லலாம். ஆயின் அவ்வரைபடம் ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஏட்டுக் கட்டுகளிடையே ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1830-இல் பிரான்சில் திமோனியே என்பவர் ஒரு பொறி செய்து, படைவீரர்க்கு உடை தைக்கும் பட்டறையும் தொடங்கினார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் அங்குப் புகுந்து சுமார் 80 பொறிகளை நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்றனர். இருவருக்கும் மூண்ட வழக்கில் சிங்கர் பணம் கட்ட நேர்ந்தது. 1858-இல் லைமன் பிளேக், காலணியின் மேல்தோலை அடித்தோலோடு தைக்கும் பொறியைக் கண்டார். அதன்பின் காலணித் தொழில் ஆலைக்குள் புகுந்துவிட்டது.

எல்லைப்புறப் பட்டறைக்கு வந்ததோ இவ்வளவு பெரிய பொறியன்று. ஒட்டுப்போடும் சிறு பொறி. சிங்கர் நிறுவனம் ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையிலுள்ள கில்போவி ஆலையில் செய்த 29-ஆம் வகையைச் சேர்ந்தது அது. எண்ணையொட்டி நிற்கும் ‘கே’ என்னும் எழுத்து அவ்வாலையையே குறிக்கும். நீண்டு மெலிந்த கை. அதன் முனையில் எத்திசையிலும் திரும்பும் பாதம். துணிப்பொறி துணியைத் தன் வழியே இழுத்துச் செல்லும். இதுவோ தோல் இருக்கும் திசைக்குத் தன் காலைத் திருப்பிக்கொள்ளும். ஆகையால் செருப்பின் மூக்கினுள்ளும் பையின் மூலையினுள்ளும் நுழைந்து தைக்கும். கருநிற இரும்பின்மேல் பொன்னெழுத்து மின்ன அது வந்து நின்றபோது, பள்ளி விட்ட பிள்ளைகளெல்லாம் அங்கேதான் கூடினோம்.

இரு தையலுக்கும் வேற்றுமை என்ன? முதியவர் எனக்கு அதை ஒருநாள் காட்டினார். மாட்டு வாருக்கு அவர் இடும் தையலில் ஒரே நூல். அதன் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் துளையிட்டு, அத்துளையிலேயே ஓர் ஊசியை இப்புறமிருந்தும் மற்றோர் ஊசியை அப்புறமிருந்தும் செலுத்தி, இரு கையாலும் ஒருசேர இழுப்பார். ஒவ்வொரு தையலிலும் நூல் இருமுறை செல்கிறது. அவ்வாரில் நடுவே ஒரு தையலை உளியால் அறுத்துவிட்டு, “இழுத்துப் பாரு தம்பி” என்றார். இழுத்தேன், அறுந்த இடத்திற்கு இருபுறமும் உள்ள தையல்கள் அசையவில்லை. பின்னர் மகன் பொறியில் தைத்த துண்டொன்றை எடுத்து அதன் மேல்நூலை அவ்வாறே அறுத்தார். பொறியில் மேல்நூல் ஒன்று, கீழே பாபின் நூல் ஒன்று. இரண்டும் தோலின் நடுவே ஒன்றையொன்று கொளுவிக்கொண்டு நிற்கும். ஒருநூல் அறுந்தால் மற்றொன்றுக்குப் பிடிப்பில்லை. இழுத்தேன், தையல் வரிசையாக விட்டுவந்தது.

மகன் சும்மா இருந்தாரில்லை. “அய்யா கொக்கி ஊசியில தைக்கிற செருப்பு மட்டும் என்னவாம்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வியே. செருப்பின் அடித்தோலைத் தைக்கும்போது முதியவர் இரட்டை ஊசியை எடுப்பதில்லை. கொக்கி ஊசியைக் குத்தி, அடியிலிருந்து நூலை ஒரு கண்ணியாக மேலே இழுத்து, அக்கண்ணிக்குள் மற்றொரு நூலை நுழைத்து இறுக்குவார். விரைவுக்காக நம் நாட்டுச் செருப்புத் தொழிலாளர் பெரும்பாலோர் கையாண்ட முறை அஃது. நூல் கொளுவும் முறையில் அதற்கும் பொறித்தையலுக்கும் பெரிய வேறுபாடில்லை. கைத்தையல் எல்லாம் வலியது, பொறித்தையல் எல்லாம் மெலியது என்று நாம் பொதுப்படப் பேசுவது பிழை என்பதை அன்றே கற்றேன். கைக்கு உள்ள உண்மையான மேன்மை வேறிடத்தில் இருக்கிறது. திரித்து மெழுகேற்றிய பருநூலைக் கை தாங்கும். அச்சிறு பொறி தாங்காது. தோலின் தடிப்பையும் நலிவையும் விரல் உணர்ந்து, ஓரிடத்தில் இறுக்கியும் ஓரிடத்தில் தளர்த்தியும் இழுக்கும். மேலும், துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்கிறது, தோலிலோ இட்ட துளை இட்டதுதான், மூடாது. பொறியில் தையலை நெருக்கி வைத்துவிட்டால் அஞ்சல்தலையின் ஓரம்போல் தோல் கிழிந்து வரும். புதிதாகப் பொறி வாங்கியவர்கள் எல்லோரும் ஒருமுறை இப்பிழையைச் செய்கிறார்கள்; பாறசாலை மகனும் செய்தார். பள்ளிப்பை ஒன்றின் வார் ஒரே மாதத்தில் துளைவரிசையோடு பிய்ந்து வந்தது. அப்பை என்னுடையது.

ஆயினும் மகனை வென்றது விரைவு. தந்தை ஒரு வாரைத் தைக்கும் பொழுதில் மகன் பல வார்களை முடித்தார். பொறியின் தையல் நேராக இருந்தது. பட்டணத்துச் செருப்பைப் போன்ற தோற்றம் தந்தது. வாடிக்கையாளர் நேர்கோட்டை விரும்பினர். சில திங்களில் இருவரும் தமக்குள் ஓர் உடன்பாட்டிற்கு வந்துவிட்டனர்: மேல்வாரும் உள்தோலும் பொறிக்கு, அடித்தோலும் மாட்டு வாரும் கைக்கு.

இவ்வழக்கை நெய்யாற்றின்கரையோடு தொடர்புடைய மற்றொருவர் மகாத்மா காந்தியடிகள் முன்னிலையிலேயே எழுப்பியிருக்கிறார் என்பது பலர் அறியாத செய்தி. 1904-இல் பிறந்த ஜி. இராமச்சந்திரன் சாந்திநிகேதனத்தில் பயின்றவர். பின்னாளில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை 1947-இல் நிறுவியவரும், இறுதிக் காலத்தில் நெய்யாற்றின்கரையில் மாதவி மந்திரத்தை அமைத்தவரும் இவரே. மாணவராயிருந்த இவர் 1924-இல் தில்லியில் காந்தியடிகளைக் கண்டு, தாங்கள் எல்லா இயந்திரத்தையும் வெறுக்கிறீர்களா என்று வினவினார். இந்த உடலே ஒரு நுண்ணிய இயந்திரமாயிருக்க எவ்வாறு வெறுப்பேன் என்ற பொருள்பட விடையிறுத்த காந்தியடிகள், தாம் விலக்களிக்கும் பொறிக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது சிங்கர் தையற்பொறியை! மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு, அவள்மீது கொண்ட அன்பினால் சிங்கர் அதை ஆக்கினார் என்றும் உரைத்தார். இராமச்சந்திரன் விடவில்லை. அப்படியாயின் அப்பொறியைச் செய்ய ஓர் ஆலை வேண்டுமே, அதில் பெரும் இயந்திரங்கள் இருக்குமே என்று மடக்கினார். ஆம், அத்தகைய ஆலைகள் அரசின் உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றார் காந்தியடிகள். இவ்வுரையாடலை மகாதேவ தேசாய் ‘யங் இந்தியா’வில் வெளியிட்டார். சிங்கரைப் பற்றிய அக்காதற்கதை மட்டும் வரலாற்றோடு பொருந்தாது. அவர் பாஸ்டன் பட்டறையொன்றில் பழுதுபார்க்க வந்த பிறர் பொறியைக் கண்டு அதைத் திருத்தியவர். இல்லறத்திலும் புகழ்பெற்றவர் அல்லர். மனைவி தைப்பதைப் பார்த்துப் பொறி கண்ட கதையை ஹோவின் பெயரிலேயே பெரிதும் சொல்வார்கள்.

காந்தியடிகள் இதைப் பேசத் தகுதி உடையவர். அவரே செருப்புத் தைத்தவர். தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், கல்லன்பாக் என்னும் நண்பர் டிராப்பிஸ்டுத் துறவியர் மடத்தில் கற்றுவந்த செருப்புத் தொழிலைக் காந்தியடிகளும் கற்று மற்றவர்க்கும் கற்பித்தார். அப்பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. சாதி பார்த்துத் தோலைத் தொடாத கைகள் கடல் கடந்த இடத்தில் அதைத் தொட்டன. சிறையில் தம் கையால் செய்த ஒரு சோடிச் செருப்பை அவர் 1914-இல் அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன் தளபதி ஸ்மட்சுக்கு அளித்தார். ஸ்மட்சு அதைப் பல கோடைகள் அணிந்தபின், 1939-இல் காந்தியடிகளின் எழுபதாம் பிறந்தநாளையொட்டித் திருப்பியனுப்பினார். கால் நூற்றாண்டு கழித்தும் திருப்பியனுப்பும் நிலையில் இருந்தது அச்செருப்பு!

பாறசாலைப் பட்டறையின் முடிவைக் கையும் செய்யவில்லை, பொறியும் செய்யவில்லை. இதைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தேன். முதியவருக்குத் தோல் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பும் கட்டும் உடையது. கைத்தையலை நன்கு தாங்கும். குரோம் உப்பில் பதனிட்ட தோலோ மெல்லியது, வளைந்து கொடுப்பது, பொறிக்கு இசைவானது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே குரோம் தோல் ஆலையால் வந்தது. அடையாற்றில் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்ததும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்கள் பெருகியதும் இவ்வழியே. தோல் மாறியபோது தையலும் மாறியது இயல்பு. ஆனால் 1970களில் இரண்டையுமே வேண்டாமென்று ஒதுக்கும் பொருளொன்று வந்துவிட்டது. அதுவே ரப்பர்ச் செருப்பு. அதில் தையலே இல்லை. துளையில் வாரின் குமிழைத் திணித்தால் முடிந்தது. திருவிதாங்கூரில் 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் ஊன்றிய ரப்பர், பின்னர் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு மேட்டுநிலங்களிலும் பரவியது. தம் பட்டறைக்குப் பின்னாலிருந்த மேட்டில் வளர்ந்த மரத்தின் பாலே தம் தொழிலுக்கு முடிவு கட்டும் என்று முதியவர் எண்ணியிருக்க மாட்டார். ஒட்டும் பசை வந்தபின் தோற்செருப்பிலும் தையல் வெறும் அழகிற்கென்றாயிற்று.

பொறி செய்த ஒன்றை மட்டும் சொல்லாமல் விடலாகாது. தந்தை தரையில் அமர்ந்து வேலை செய்தார். மகன் பொறிக்கு முன் முக்காலியில் அமர்ந்தார். ஊரார் தந்தையைப் பெயர் சொல்லி அழைத்தனர். மகனை, பொறி வந்த ஓராண்டுக்குள், ‘மேசிரி’ என்று அழைக்கலாயினர். என் தந்தையாரும் அவ்வாறே அழைத்ததை நான் என் காதால் கேட்டேன். அதே தோல், அதே மெழுகு நாற்றம், அதே பட்டறை. கைத்தையல் மறைகிறதே என்று நாம் மலரிலும் மேடையிலும் வருந்துகிறோம். அந்த மகனிடம் போய் வருந்தினால் அவர் சிரிப்பார். பம்பாய்த் தாராவியின் தோற்பட்டறைகளுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர் பலரும் ஊர்த்தரையை விட்டு எழுந்து செல்லவே புறப்பட்டனர் என்று நான் கருதுகிறேன்.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது அவ்விடத்தில் இறங்கிப் பார்த்தேன். ஓலைக்கூரை போய்க் கான்கிரீட்டுக் கடை வந்திருக்கிறது. முதியவர் மறைந்து நெடுங்காலமாயிற்று, பேரன் இருக்கிறார். பொறியும் இருக்கிறது, பொன்னெழுத்துத் தேய்ந்துவிட்டது. பள்ளிப்பைக்குப் பல்லிணை மாற்றுவதும், பயணப்பைக்கு வார் வைப்பதும், குடைத்துணி தைப்பதுமே இன்றைய வேலை. நான் கழற்றிக் கொடுத்த காலணியின் அடித்தோல் வாயைப் பிளந்திருந்தது. பேரன் அதைப் பொறியருகே கொண்டுபோகவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, கைப்பிடி வழுவழுத்த கொக்கி ஊசி ஒன்றை எடுத்து, “இருங்க அண்ணாச்சி, இது மெசின்ல ஏறாது” என்று சொல்லி, முக்காலியிலிருந்தபடியே தைத்துக் கொடுத்தார். இருபது நிமிடம் ஆயிற்று.